கிண்ணம் சொன்ன தீர்ப்பு

போன ஜனவரியில், மூக்கு நுனி உறைந்துபோகிற ஒரு காலையில், ஆர்டிஸின் கார் கிளம்ப மறுத்துவிட்டது. அவள் கணவன் மெல்லுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அக்கரையில், கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் பாலம் பழுதென்று மூடிக் கிடக்கிறது. சுற்றிப் போனால் நாற்பது மைல். என்ன செய்வதென்று அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவள் காபிக் கடைக்குத் தினமும் வருகிற வெர்லின் ஹால்வர்சன் தன் பழைய வண்டியில் வந்து இறங்கினார். வாசல் பனியை வாரித் தள்ளினார். மெல்லைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனார். ஒரு மாதம் இப்படியே. ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"வழியெல்லாம் ஜனாதிபதியப் பத்திப் பேசிக் கொன்னிருப்பாரே?" என்று கேட்டாள் ஆர்டிஸ்.

"இல்லியே. மீன் பிடிக்கிறதப் பத்திதான் பேசினார்," என்றான் மெல்.

அவளால் நம்பவே முடியவில்லை. காரணம் இருக்கிறது.

கடவுள் படைத்த மனிதரில் 'தீர்ப்பு வாசிக்கிறவர்' என்று ஒரு வகை உண்டு. யார், எங்கே, எதற்காக ஓட்டுப் போட்டாலும் அது ஜனாதிபதிக்கு மக்கள் எழுதின கடிதம் என்று நினைத்து, உறையைப் பிரித்து, உரக்கப் படித்துக் காட்டுகிறவர். அமெரிக்காவில், எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் எந்தச் சின்ன ஊர் காபிக் கடைக்குப் போனாலும் ஜன்னலோர நாற்காலியில் ஒருவர் இருப்பார். ஆர்டிஸின் கடையில் அது வெர்லின்.

ஆளுங்கட்சி ஜெயித்தால் மக்கள் ஜனாதிபதியைத் தட்டிக்கொடுத்துவிட்டார்கள்; தோற்றால் குட்டிவிட்டார்கள்; ஜெயித்தும் ஓட்டுக் குறைந்தால் செல்லமாகக் காதைத் திருகியிருக்கிறார்கள்; தோற்றும் ஓட்டுக் கூடினால் மன்னிக்க யோசிக்கிறார்கள்; புயல் அடித்து ஒருவருமே வராமல் போனால், வராததுதான் ஐயா பெரிய பதில்! எதில்தான் அவர் தோற்பார்? ஒரு முறை தேவாலயத்து விருந்துக்கு மீன் வறுவலா கோழியா என்று பாதிரியார் கை தூக்கச் சொன்னார். கோழி ஜெயித்தது. வெர்லின் பெருமூச்சு விட்டார். "ஜனாதிபதிக்குக் காலம் சரியில்ல."

இந்த நிலையில்தான் இடைத்தேர்தல் வந்தது. சட்டசபை உறுப்பினர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு நின்றவள் நோரீன், முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டினவள். "முதல் வேலை பாலம்" என்பதுதான் அவள் பேச்சு முழுவதும். எதிர்த்து நின்றவரோ, நாற்பது மைலெல்லாம் ஒரு தூரமா என்று கேட்டார். ஆர்டிஸுக்குக் கணக்கு எளிது. நோரீன் வந்தால் பாலம் திறக்கும், மெல் உயிரோடு இந்த ஊரிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் கடையை விற்றுவிட்டு அக்கரைக்குப் போக வேண்டியதுதான்.

"என் ஓட்டு பாலத்துக்குத்தாம்மா," என்று வெர்லின் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்.

ஓட்டுப் போடும் நாள். காலை ஏழு மணிக்கே டிவிக்காரப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியோடு கடைக்குள் வந்தாள். ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கிற ஒட்டுத்தாள்களை, எட்டுத் தேர்தலுக்கு எட்டு, தொப்பி முழுக்க ஒட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் வேறு யாரைத் தேடிப் போவாள்? வெர்லின் ஆரம்பித்தார். அவள் போனதும் வானொலிக்காரன். அப்புறம் எங்கிருந்தோ ஒரு பத்திரிகைக்காரர் தொலைபேசியில். காபி ஐந்து முறை ஆறியது. சாயங்காலம் டிவிக்காரப் பெண் மறுபடி வந்தாள்.

ஏழே முக்காலுக்கு ஆர்டிஸ் எட்டிப் பார்த்தாள். "வெர்லின், நீங்க ஓட்டுப் போட்டாச்சா?"

"இரும்மா. நோரீன் ஜெயிச்சா வாஷிங்டனுக்கு என்ன அர்த்தம்னு இந்தப் பொண்ணுக்குச் சொல்லி முடிச்சிட்டுப் போறேன்."

"எதிர்த்தாப்ல தீயணைப்பு நிலையத்துலதானே ஓட்டுச்சாவடி! எட்டு மணிக்கு மூடிடுவாங்க. போய்ப் போட்டுட்டு வந்து சொல்லுங்களேன்."

"தோத்தா என்ன அர்த்தம்னும் சொல்லணும்ல?"

ஆர்டிஸ் தானே அவர் மேல்சட்டையை எடுத்து வந்து தோளில் போட்டாள். அவர் பேசிக்கொண்டே ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கை, ஜனாதிபதியின் எதிர்காலத்தைக் காற்றில் வரைந்துகொண்டிருந்தது. எட்டு அடித்தது. எதிரே கதவைச் சாத்தினார்கள்.

நோரீனுக்கு இரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு ஓட்டு. எதிராளிக்கும் அதே. இரண்டு முறை எண்ணினார்கள், மாறவில்லை. சட்டப்படி, இரண்டு பெயரையும் எழுதி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார். எதிராளியின் பெயர்.

மறுநாள் டிவிக்காரப் பெண் ஓடி வந்தாள். வெர்லின் தொண்டையைச் செருமினார்.

"மக்கள் தெளிவாச் சொல்லிட்டாங்க. இது ஜனாதிபதிக்கு..."

"மக்களா?" என்றாள் ஆர்டிஸ், காபிக் கெண்டியைப் பொத்தென்று வைத்து. "கிண்ணம்ல சொல்லிச்சு!"

கடையே சிரித்தது. வெர்லின் மட்டும் தன் தொப்பியைக் கழற்றி, அந்த எட்டு ஒட்டுத்தாளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது இல்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் தெருச் சாக்கடைக்காக நடந்த போன உள்ளாட்சித் தேர்தலில், தலைநகரத்தில் யார் முகம் வாடும் என்றுதானே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள்? சாக்கடை இப்போது எப்படி இருக்கிறது?

மே மாதம் ஆர்டிஸ் கடையை விற்றாள். சாமான் ஏற்ற வந்தவர் வெர்லின்தான். மெல்லின் கட்டிலைத் தனியாளாகத் தூக்கி வைத்தார், முதுகு பிடித்துக்கொண்டது. வண்டி கிளம்புகிற நேரம் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. எப்படியாவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லிவிடத் தவித்தார் அந்த மனிதர். ஆர்டிஸ் காத்திருந்தாள்.

"ஆர்டிஸ், நீங்க ரெண்டு பேரும் போறதால இந்தத் தொகுதியில ரெண்டு ஓட்டுக் குறையுது," என்றார் மெதுவாக. "வாஷிங்டன்ல இதைக் கவனிக்காம இருக்க மாட்டாங்கம்மா."