வியட்நாமுக்கு விண்ணப்பித்த வாத்தியார்

வெளிநாட்டுக்குப் போய்விடுவது என்று சுரேந்திரன் முடிவெடுத்தது, ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை எட்டேகாலுக்கு. இடம், கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே உள்ள வளைவில் பள்ளிக்கூட வேனின் படிக்கட்டு. எல்.கே.ஜி. குழந்தை ஒன்று அப்போது அவருடைய ஸ்வெட்டரில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருஷம் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தவர் அவர். பள்ளி திறந்த அன்று, புதிதாக வந்த பிரின்சிபால் அம்மாள் அந்த வகுப்பை இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தியிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, "சார், உங்க அனுபவத்துக்கு வேன் இன்சார்ஜ்தான் பொருத்தம்" என்றார். அனுபவத்துக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார் சுரேந்திரன். "தேங்க்யூ மேடம்" என்று வந்துவிட்டது.

வீட்டிலும் இதே நிலைமைதான். இலக்கணப்படி சொன்னால், அந்த வீட்டில் ரேணுகா செய்வினை, சுரேந்திரன் செயப்பாட்டுவினை. காரட் நறுக்கப்பட்டது. துணி காயப்போடப்பட்டது. சிலிண்டர் உருட்டப்பட்டது. எல்லாம் சுரேந்திரனால். கெய்சர் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் ஓடக் கூடாது. பதின்மூன்றாவது நிமிஷம் சுவிட்ச் அணையும், அவர் தலையில் நுரை இருந்தாலும் சரி.

ரேணுகா சேரம்பாடிக்காரி. எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, தபாலில் பி.ஏ. வரலாறு முடித்து, குன்னூர் ரோட்டில் ஒரு தேயிலைக் கடையில் வருகிறவர்களுக்கு டீயை ருசி காட்டும் கவுன்டரில் நிற்கிறாள். வெள்ளைக்காரர்கள் வந்தால் சின்னச் சின்னக் கப்பில் ஊற்றி நீட்டுவாள். "திஸ் ஒன், மார்னிங் டீ. திஸ் ஒன், மதர்-இன்-லா டீ. வெரி ஸ்ட்ராங், நோ சுகர்!" அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து, மாமியார் டீயாகவே அரைக் கிலோ வாங்கிப் போவார்கள்.

சுரேந்திரனுக்கு அதைக் கேட்டால் பல் கூசும். "ஒரு 'இஸ்' இல்லை, ஒரு 'எ' இல்லை. என்ன இங்கிலீஷ் இது?"

"டீ வித்துப் போச்சுங்களே" என்பாள் அவள்.

ஆகவே திட்டம் ரகசியமாகத் தீட்டப்பட்டது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு மொழிப் பள்ளி. அங்கே 'சார், சார்' என்று உருகும் மாணவர்கள். பக்கத்தில் ஓர் அறை. அறையில் ஒரு கெய்சர். அதை அணைக்க ஆளில்லை. மகள் மனிஷா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள், கவலையில்லை. விசா கைக்கு வந்த பிறகு ரேணுகாவிடம் சொன்னால் போதும்.

துணைக்குக் கிடைத்தவர் அடுத்த வீட்டு ஷௌகத் அலி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அதில் இரண்டு கம்ப்யூட்டரும் உண்டு.

"பாய், இது ரகசியம். உங்க வீட்டுக்காரி ஜுலைகாகிட்டகூடச் சொல்லக் கூடாது."

"அவகிட்ட நான் எங்க வாத்தியாரே சொல்றது? எங்க ஊட்டுல அவ சொல்வா, நான் கேப்பேன்."

விளம்பரங்களைத் திறந்தார்கள். பாதி விளம்பரத்தில் 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று போட்டிருந்தது.

"நேட்டிவ் கேக்கறாங்க. கோத்தகிரின்னு போட்டுறலாமுங்களா?" என்றார் ஷௌகத் அலி.

"அது இல்லை பாய். நேட்டிவ்னா இங்கிலீஷே தாய்மொழியா இருக்கறவங்க."

"அவங்க ஆளுங்க நம்ம மலையில நூறு வருசத்துக்கு மேல குடியிருந்தாங்களே, அப்ப யாராச்சும் நேட்டிவ் எதுன்னு கேட்டமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதை நிரப்ப விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

சுரேந்திரன் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். 'ஐ பெக் டு ஸ்டேட்' என்று தொடங்கியது அது.

"எதுக்கு வாத்தியாரே முதல் வரியிலயே பிச்சை எடுக்கறீங்க?"

"அது மரியாதை பாய்."

மரியாதை இருபத்துமூன்று இடங்களுக்குப் போயிற்று. ஒரு பள்ளி, முப்பத்தைந்து வயதுக்குள் வேண்டும் என்றது. ஒரு பள்ளி போட்டோ கேட்டது. அனுப்பினார். அதோடு சத்தமே இல்லை. இன்னொன்று, 'உங்கள் கடிதம் கிடைத்தது, தயவுசெய்து மறுபடி அனுப்ப வேண்டாம்' என்று எழுதியது.

ஆகஸ்ட் மாதம் ஒரே ஓர் இடத்திலிருந்து உருப்படியாகப் பதில் வந்தது. வியட்நாமில், டா நாங் என்ற கடற்கரை ஊரில் ஒரு பள்ளி. மூன்று கேட்டார்கள். ஏதாவது ஒரு பட்டம். நூற்றிருபது மணி நேர ஆன்லைன் பயிற்சிச் சான்றிதழ். ஆங்கிலம் தெரியாத ஒருவருக்குப் பாடம் நடத்தும் பத்து நிமிஷ வீடியோ.

"நூத்தியிருபது மணி நேரமா? பத்தொன்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவனுக்கு?" சுரேந்திரன் கொதித்தார். சான்றிதழ் கேட்பது தனக்கு அவமானம் என்று அழகான ஆங்கிலத்தில் விண்ணப்பத்தில் எழுதினார். அதில் மட்டும் பிச்சை இல்லை.

வீடியோவுக்கு மாணவன் வேண்டுமே. பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பிடித்தால் பிரின்சிபாலுக்குப் போய்விடும். "நான் உக்காரட்டுமா?" என்றார் ஷௌகத் அலி. "ஆனா எனக்கு இங்கிலீஷ் தெரியுமே. வைஃபை, பாஸ்வேர்டு, சர்வர் டவுன்."

வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ரேணுகாவிடமே போனார்.

"ரேணு, டீச்சர்ஸ் டேக்கு ஒரு வீடியோ போட்டி. கொஞ்சம் உதவி பண்ணணும்."

"ஏனுங்க, நான் என்ன பண்ணணும்?"

"சும்மா உக்காரணும். இங்கிலீஷ் தெரியாத ஆள் மாதிரி."

"நடிக்கணுமுங்களா?"

"உனக்கு நடிப்பே தேவைப்படாது."

ரேணுகா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் போய் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சுரேந்திரன் அந்தப் பார்வையைக் கவனித்திருக்க வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில், அந்தப் பார்வைக்குப் பிறகு எதுவும் அவர் நினைத்தபடி நடந்ததில்லை.

போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தார்கள். சுரேந்திரன் டீ கெட்டிலைக் கையில் எடுத்தார்.

"ரிப்பீட் ஆஃப்டர் மீ. திஸ் இஸ் எ கெட்டில்."

"திஸ் இஸ் எ கெட்டில்."

"வெரி குட். நவ், 'எ' இஸ் தி இன்டெஃபினிட் ஆர்ட்டிகிள், விச் பிரிசீட்ஸ் எ சிங்குலர் கவுன்டபிள் நவுன்..." இது நாலரை நிமிஷம் ஓடியது. ரேணுகா கையைத் தூக்கினாள்.

"சார், ஒய் 'எ'? ஒய் நாட் 'தி'?"

பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கேட்கிற பிள்ளையை உட்காரச் சொல்லிவிடுவார். இவள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"பிகாஸ்... தட் இஸ் தி ரூல்."

ரேணுகா எழுந்து வந்து கெட்டிலை வாங்கிக்கொண்டாள். "சார், சிட்."

உட்கார்ந்தார். பழக்கம்.

"ஷாப். மெனி கெட்டில். ஐ வான்ட் எ கெட்டில். எனி ஒன், ஓகே?" என்றவள் கெட்டிலைத் தலைகீழாகத் திருப்பினாள். அடி முழுக்கக் கரி. "நவ் லுக். மை ஹஸ்பண்ட். நோ வாட்டர். கேஸ் ஆன். ஹீ கோ, ரீட் பேப்பர். திஸ் இஸ் தி கெட்டில்! விச் கெட்டில்?"

"தி... தி கெட்டில்."

"ஹூ பர்ன் தி கெட்டில்?"

"ஐ பர்ன்ட் தி கெட்டில்" என்றார் சுரேந்திரன், தலையைக் குனிந்துகொண்டு.

"வெரி குட்! கிளாப்!"

அவரும் கை தட்டினார்.

அன்று மத்தியானமே வீடியோவையும் விண்ணப்பத்தையும் மனிஷாவுக்கு அனுப்பி, போனில் குசுகுசுத்தார். "அம்மா பேசறதை வெட்டிட்டு, நீயே டா நாங்குக்கு அனுப்பிடு. அம்மாகிட்ட மூச்சு விடாதே." மனிஷா சரி என்றாள். சிரித்த மாதிரியும் இருந்தது. மலையில் சிக்னல் அப்படித்தான் கொரகொரக்கும்.

இரண்டு மாதம் கழித்து மகளிடமிருந்து செய்தி. 'அப்பா, டா நாங் ஸ்கூல் வீடியோ கால். சனிக்கிழமை நாலு மணி. லிங்க் அனுப்பியிருக்கேன். கோட் போட்டுக்கங்க.'

சுரேந்திரனுக்குத் தரை தட்டுப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை, காரட் நறுக்கிக்கொண்டே வழியைச் செப்பனிட்டார்.

"ரேணு, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். ஒருத்தரை வெளிநாட்டுக்கு வேலைக்கு அனுப்பறாங்கன்னு வெச்சுக்க. முதல் ஆறு மாசம் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகக் கூடாதாம். சட்டம்."

"எந்த நாட்டுச் சட்டமுங்க?"

"எல்லா நாட்டுச் சட்டமும்."

"அப்படிங்களா. சட்டம்னா கேட்டுத்தானுங்களே ஆகணும். போறவங்க போகட்டும், இருக்கறவங்க ஊட்டைப் பாத்துக்கட்டும்."

"உனக்குச் சம்மதமா?"

"முழுச் சம்மதமுங்க. காரட்டை இன்னும் பொடிசா நறுக்குங்க."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. சுரேந்திரன் அதற்கும் சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங் என்று சொல்லிவிட்டு, கோட்டோடு கடைக்கு வந்து சேர்ந்தார். ஷௌகத் அலி ஷட்டரைப் பாதி இறக்கி, லிங்கைத் தட்டினார். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, லின் என்று பெயர், மலர்ந்து சிரித்தாள்.

"மிஸ்டர் சுரேந்திரன்! வீடியோவில் பார்த்த அதே முகம்! எங்கள் ஆபீஸில் எல்லாரும் உங்கள் ரசிகர்கள்" என்றாள் ஆங்கிலத்தில். "'ஐ பர்ன்ட் தி கெட்டில்'! இறந்தகாலத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னீர்களே!"

மகள் அந்தப் பகுதியையா வெட்டாமல் விட்டாள்? சுரேந்திரன் சமாளித்துக்கொண்டார். "எல்லாம் பத்தொன்பது வருஷ அனுபவம், மேடம்."

"பத்தொன்பது வருஷமாகவா ஆங்கிலம் படிக்கிறீர்கள்?" லின் முகத்தில் இரக்கம் படர்ந்தது. "பரவாயில்லை. சிலருக்கு நேரம் எடுக்கும். நீங்கள் விடவில்லையே, அதுதான் பெரிது."

சுரேந்திரன் மறுக்க வாயெடுப்பதற்குள் திரையில் இன்னொரு கட்டம் திறந்தது. அதில் ஒரு பச்சைப் புடவை. பின்னால் ஒரு ஷோகேஸ். ஷோகேஸில் அவரே வாங்கிய பீங்கான் யானை.

"சாரி மேம், கரண்ட் கோ அண்ட் கம்" என்றாள் ரேணுகா.

"வாருங்கள் டீச்சர்! உங்கள் மாணவரிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்."

"வாத்தியாரே, மைக் ஆஃப் ஆயிடுச்சா?" என்று ஷௌகத் அலி குனிந்து பார்த்தார். மைக் ஆனில்தான் இருந்தது. சுரேந்திரன்தான் ஆஃப்.

"இன்று உங்களைக் கூப்பிட்டது ஒரே ஒரு கேள்விக்காக" என்றாள் லின் அவரிடம். "ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் படித்தவரைக் கேட்போம். உண்மையைச் சொல்லுங்கள். ரேணுகா நல்ல டீச்சரா?"

சுரேந்திரன் நெஞ்சில் பத்தொன்பது வருஷமும் திரண்டு வந்தது. ஒரு வார்த்தை போதும். அந்த வீடியோவில் வாத்தியார் யார் என்று சொல்லிவிட்டால் எல்லாம் தரைமட்டம். கட்டத்துக்குள் இருந்த ரேணுகாவை முறைத்தார். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் பயந்து அவர் பார்த்ததே இல்லை. அவருடைய அம்மாவிடம்கூடப் பயந்ததில்லை. இந்த வேலைக்கு இவ்வளவு ஆசையா இவளுக்கு?

தொண்டையைச் செருமினார். "நாட் எ டீச்சர், மேடம். ஷி இஸ் தி டீச்சர்."

லின் கை தட்டினாள். ரேணுகா முந்தானையை விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றாமலே கேட்டார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் நாளேங்க. உங்க மெயிலை என் போன்லயும்தானே போட்டு வெச்சிருக்கீங்க? பாய் கடையில நீங்க உள்ள நுழையறப்பெல்லாம், 'இது இவருதானா'ன்னு போன் என்னைக் கேக்கும். 'ஆமா, இவரேதான்'னு அமுக்கி விட்டனுங்க."

"அப்ப என் விண்ணப்பம்?"

"அதையும் மனிஷா அனுப்பினாளுங்க. சர்டிபிகேட் இல்லைன்னு வீடியோவைக்கூடத் தொறக்காமத் தள்ளிட்டாங்க. நான் அந்த மழை மாசமெல்லாம் கவுன்டருக்கு ஆள் வராதப்ப உக்காந்து நூத்தியிருபது மணி நேரத்தையும் முடிச்சேன். அப்புறம் உங்க பாடத்தை வெட்டிட்டு, அந்த வீடியோவையே என் பேர்ல மனிஷா அனுப்பினாளுங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா வரிக்கு வரி 'இஸ்' எங்கேன்னு கேப்பீங்க."

சுரேந்திரன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சரி. எப்பக் கிளம்பறோம்?" என்றார்.

"பொங்கல் கழிச்சு நான் கிளம்பறனுங்க. நீங்க வர முடியாதே. முதல் ஆறு மாசம் சட்டம் ஒத்துக்காதுங்களே?"

சுரேந்திரன் ஸ்டாஃப் மீட்டிங்கில் களைத்துப்போனவர் போல நாற்காலியில் சரிந்தார்.

மூன்று நாள் அவர் பேப்பரைக்கூடத் தொடவில்லை. சொன்ன வேலையை மட்டும் செய்தார். மூன்றாம் நாள் மாலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ரேணுகா போனோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க, அந்த லின் மேடத்துக்கு நானே எழுதிக் கேட்டேன். கணவரைத் தாராளமாக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க."

சுரேந்திரன் கையிலிருந்த பெட்ஷீட் கீழே விழுந்தது. "நிஜமாவா? அங்க எனக்கும் வகுப்பு ஏதாவது கிடைக்குமான்னு கேட்டியா?"

"கேக்காம இருப்பனுங்களா? உங்களுக்குன்னு ஒரு வகுப்பே ஒதுக்கிட்டாங்க."

"எந்த வகுப்பு?" சுரேந்திரன் நிமிர்ந்து நின்றார். பழைய வாத்தியார் களை முகத்தில் வந்துவிட்டது.

ரேணுகா போனைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்:

"'டீச்சரின் கணவர் என்பதால், மிஸ்டர் சுரேந்திரனை எங்கள் தொடக்கநிலை ஆங்கில வகுப்பில் மாணவராகச் சேர்த்துக்கொள்கிறோம். வீட்டுப்பாடத்தை மட்டும் நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது.'"