நிச்சயதார்த்தத்தில் ஐந்து கால்குலேட்டர்

வீட்டில் யாராவது ஒருத்தி கம்ப்யூட்டர் படித்துத் தொலைத்தால், டி.வி. ரிமோட்டிலிருந்து தண்ணி மோட்டார் வரை எல்லாம் அவள் தலையில்தான் விடியும். எங்கள் வீட்டில் அந்தத் தலை என்னுடையது.

அக்காவின் நிச்சயதார்த்தம் எங்கள் கூடத்தில், தறியைத் துணி போட்டு மூடிவிட்டு நடந்தது. தட்டு மாற்றும்போது மங்கள வாத்தியம் ஒலிக்க வேண்டும். நாதஸ்வரக்காரருக்கு அன்று வேறு முகூர்த்தம். லேப்டாப்பில் போட்டுவிடச் சொன்னார் அப்பா. டி.வி.யில் இணைத்தேன். இதுவரை தப்பு என்மேல் இல்லை.

தப்பு முந்தின வாரமே நடந்திருந்தது. ஏனாத்தூர் காலேஜில் படித்த படிப்புக்கு, மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. பாட்டுப் போடும் ஒரு பிளேயரில் ஓட்டை பிடித்திருந்தேன். கோப்புக்குள் எழுதியிருக்கும் பாட்டின் பெயரை வைக்க அது கொஞ்சம் இடம்தான் ஒதுக்கும். பெயரின் நீளத்தைப் பார்க்காது. அளவுக்கு மீறி எழுதினால் மிச்சம் பக்கத்து இடத்தில் வழியும். வழிந்ததைக் கட்டளை என்று நம்பிக் கம்ப்யூட்டர் நிறைவேற்றும். இதை நிரூபிக்க, யாருக்கும் கெடுதல் செய்யாத கால்குலேட்டரைத் திறந்து காட்டுவது எங்கள் தொழில் சம்பிரதாயம். அப்படி ஒரு பாட்டுக் கோப்பைத் தயாரித்து, பிளேயரைச் செய்த நிறுவனத்துக்கு அனுப்பினேன். (பரிசு வரும், பேப்பரில் போட்டோ வரும் என்றெல்லாம் கனவு.) கையில் கிடைத்த நாதஸ்வரப் பாட்டில்தான் அதைச் செய்தேன். நல்ல பாட்டும் இந்தக் கெட்ட கோப்பும் லேப்டாப்பில் ஏறக்குறைய ஒரே பெயரில் அடுத்தடுத்து இருந்தன. புத்திசாலி!

ஐயம்பேட்டையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா தட்டை எடுத்தார். "எங்களுக்கு ஒண்ணும் வேணாம்பா. பொண்ண குடுங்க, போதும்," என்றார். அப்பா கண்கலங்கி எனக்கு ஜாடை காட்டினார். அழுத்தினேன்.

நாதஸ்வரம் வரவில்லை. பிளேயர் செத்து, டி.வி.யில் கால்குலேட்டர் வந்தது. பதறிப்போய் மறுபடி அழுத்தினேன். இன்னொன்று வந்தது. (சும்மா இருந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே?) ஐந்து வரை போனது.

அவர் தட்டைக் கீழே வைத்தார். "நாங்க வேணாம்னு சொல்லிக்கினு இருக்கோம். நீங்க இன்னாடான்னா கணக்கு போட்டுக்கினு இருக்கீங்க."

நான் எழுந்து, இடம், நீளம், வழிதல் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இறுகியது. அவர்கள் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் வாசலில் தன் செருப்பைத் தேடப் போய்விட்டார். என்னால் அக்கா கல்யாணம் நிற்கப்போகிறது என்றே நினைத்தேன்.

அப்போது அக்கா, ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு அறையிலிருந்து வந்து டி.வி.யைப் பார்த்தாள்.

"அஞ்சுலயும் பூஜ்யம்தானே மாமா காட்டுது. நீங்க கேட்டதும் அதானே?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. பிறகு அவர் அப்பா தட்டை எடுத்தார். வாத்தியத்துக்குச் சித்தப்பா தாம்பாளத்தைத் தட்டினார்.

மறுநாள் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. அந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டார்களாம். என்னிடம் இருப்பது பழைய பதிப்பாம், புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம். (அந்த அறிவிப்பு தினமும் வரும். 'அப்புறம்' என்று தள்ளுவேன். உபதேசம் ஊருக்குத்தானே.)

அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் என்ன சீர் வேண்டும் என்று அப்பா கேட்பார். அக்கா வீட்டுக்காரர் போனில் கால்குலேட்டரைத் திறந்து பூஜ்யத்தைக் காட்டுவார். வீடே என்னைப் பார்த்துச் சிரிக்கும். சிரித்து முடித்து, அதே போனை என்னிடம் நீட்டுவார்.

"அடிக்கடி ஹேங் ஆவுது. கொஞ்சம் பாரும்மா."