இரண்டாம் பிடில்காரர்

“நான் வாசிக்கது யார் காதுலயாச்சும் விழுதா சார்?” என்று தேவஇரக்கம் கேட்டே விட்டார்.

ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் கிறிஸ்தவ வேதக்கோயிலில் பதினோரு வருஷமாக இரண்டாம் பிடில் வாசிப்பவர் அவர். நாலு பேர் கோஷ்டி. மெட்டெல்லாம் முதல் பிடிலான ஹெட்மாஸ்டர் வேதசிரோமணிக்கு. தேவஇரக்கத்தின் தாளில் பக்கம் பக்கமாக ஒரே ‘டுக்கு டுக்கு’தான்.

“இரண்டாம் பிடில் குழம்புல உப்பு மாதிரிவே. தனியாத் தெரியப்படாது” என்றார் வேதசிரோமணி.

தெரியாமலே போய்விட்டால்? மனைவி தேவகிருபையே போன மாதம், “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க எப்ப வாசிச்சீய?” என்று கேட்டிருந்தாள். கூடை தலையில் போகிறது. சுமக்கிற கழுத்தை யார் பார்க்கிறார்கள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவர் யோசிப்பார்.

அடுத்த ஒத்திகையில் அழுத்தி வாசித்தார்.

“சந்தையிலயா நிக்கோம்?” என்று ஹெட்மாஸ்டர் அவரை ஒரு முழம் பின்னால் தள்ளி உட்காரவைத்தார்.

பின்னால் போனதால் இன்னும் அழுத்தினார். இன்னொரு முழம். 1936ஆம் வருஷத்து ஸ்தோத்திரப் பண்டிகைக்கு மூன்று மாதம் இருக்கும்போதே அவர் முதுகு ஜன்னல் கம்பியில் இடித்தது. சந்துக்கு அந்தப்புறம் டெய்லர் நைனா முகமதுவின் தையல் மிஷின் கடகடவென்று ஓடும். தன் மகள் கல்யாணத்துக்கு ஹெட்மாஸ்டர் கோட்டுத் துணி கொடுத்திருந்ததும் அங்கேதான்.

பண்டிகையன்று தேவஇரக்கம் ஒரு முடிவோடு வந்தார். வில்லைத் தந்தியில் படாமல் ஒரு நூல் உயரே ஆட்டுவது. ஒருவராவது திரும்பிப் பார்த்தால் சரி. இல்லையென்றால் பிடிலைப் பெட்டியில் வைத்து ஒரேயடியாக மூடிவிடுவது.

கை ஆடியது, சத்தம் இல்லை. யாரும் திரும்பவில்லை.

முடிந்ததும் வேதசிரோமணி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்குத்தான்வே நாலும் ஒண்ணாச் சேந்துச்சு!”

தேவஇரக்கம் கையை விடுவித்துக்கொண்டார். தான் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று தெரிந்துகொள்ளவா பதினோரு வருஷம்? பெட்டியை மூடிக்கொண்டு, யார் முகத்திலும் விழிக்காமல் சந்து வழியாக நடந்தார்.

நைனா முகமது கையில் ஒரு கோட்டோடு பாய்ந்து வந்து வழிமறித்தார்.

“அண்ணாச்சி, இன்னைக்கு ஏன் வாசிக்கலை?”

தேவஇரக்கம் அப்படியே நின்றுவிட்டார். “உமக்கு எப்படித் தெரியும்?”

“மத்தவுக சத்தம் இங்க எங்க எட்டுது? மூணு மாசமா உங்க டுக்கு டுக்குக்குத்தான் மிஷினையே மிதிக்கேன். இன்னைக்கு அது இல்லாமக் கால் தடுமாறி, ஹெட்மாஸ்டர் கோட்டுக்கு ரெண்டு கையையும் ஒரே பக்கமாத் தச்சுப்புட்டேன்!”