ஜப்பானுக்காக நான் படுத்த கதை

என் பெயர் கன்னியம்மா, வயது அறுபத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. (அஞ்சாவது என் வீட்டுக்காரர்.) மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அவசரப்படுத்தாதீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் கடைசி மகள் வள்ளியின் ஜப்பான் வேலையைக் கெடுக்கப் பார்த்தது ஊர்க் கண்ணும் இல்லை, கிரகமும் இல்லை. நான்தான். அதுவும் படுத்துக்கொண்டே.

வள்ளி அரக்கோணத்தில் நர்ஸ் வேலை பார்த்தாள். ஜப்பானில் வயதானவர்கள் தங்கும் இல்லங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த பாஷையைப் படிக்க ஆரம்பித்தாள். முழுசாக ஒரு வருஷம். ரயிலில், துணி துவைக்கும் கல்லில், சாமி கும்பிடும்போதுகூட வாய் ஜப்பான் பாஷையில்தான் முணுமுணுக்கும். பரீட்சையில் பாஸ் என்று வந்த அன்றைக்கு வீடு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. நான் வடகம் பிழிந்தேன், பருப்புப் பொடி அரைத்தேன், கம்பளிச் சட்டை மூன்று வாங்கினேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை என்பதே யாருக்கும் ஞாபகம் இல்லை. செல்போனில் ஒரு நேர்காணல் பாக்கி இருந்தது.

அந்த நேர்காணலில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். வீட்டு ஆளையே நோயாளியாக வைத்துக்கொள்ளலாம் என்றார்களாம்.

"அம்மா, உனக்கு வலது கை, வலது கால் வராதுன்னு வெச்சுக்கோ. சும்மா படுத்திருந்தா போதும்."

"ஏண்டி, கிருத்திகைக்குக் கிருத்திகை மலைப்படி முழுக்க ஏறிட்டு வர்றவ நான். என்னப் போயி கை கால் விழுந்தவன்னு காட்டப் போறியா? உங்க நைனாவப் படுக்க வெய்யி. அவருக்குப் பழக்கம்."

"நைனா தூங்கிடுவாரும்மா. கொறட்ட விட்டா என் பொழப்பு போச்சு."

நியாயம்தான். ஒத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் ஒத்திகை. இருபத்தொன்பது வருஷமாக "நவுரு" என்பதற்கு மேல் எனக்கு மரியாதை கொடுக்காத பெண், "அம்மா, இப்போ உங்க தோளப் பிடிக்கப் போறேங்க. பரவாயில்லீங்களா?" என்று கேட்டுக் கேட்டுத் தூக்கினாள். எனக்குச் சிரிப்பு தாங்காது. சிரித்தால் திட்டுவாள், அதுவும் "ங்க" போட்டு. இந்தப் படுக்கை நாடகம் தெருவுக்குத் தெரியக் கூடாது என்பது மட்டும் என் உத்தரவு. கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

ஒருநாள் நான் கால் தொங்க இழுபடுவதைப் பால்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா உடம்புக்கு?"

"ஒண்ணுமில்ல, நீ போ" என்று ஜன்னலைச் சாத்தினேன். காரியம் முடிந்தது என்று நினைத்தேன். பால்காரம்மாவின் மகளை அம்மையார்குப்பத்தில், என் நாத்தனார் ராஜம்மா வீட்டுத் தெருவிலேயே கட்டிக் கொடுத்திருக்கிறது என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

நேர்காணல் நாள் வந்தது. வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்று வள்ளி கட்டிலைக் கூடத்துக்கு நடுவில் இழுத்து, என் தலையைத் தெற்குப் பக்கம் வைத்தாள். அதுவும் போதவில்லை என்று தலைமாட்டில் முக்காலி போட்டு ஒரு விளக்கை வைத்தாள். நான் அரக்குப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, காசு அகலத்துக்குக் குங்குமம் இட்டுக்கொண்டு வந்து படுத்தேன்.

"ஐயோ அம்மா! நோயாளி யாராச்சும் பட்டு கட்டுவாங்களா?"

"நம்ம வீட்ட ஜப்பான்காரங்க மொத மொதல்ல பாக்கறாங்க. கந்தலோட கெடக்கட்டுமா?"

மாற்ற நேரமில்லை. தன் செல்போனைத் தவிர வீட்டில் இருந்த போன்களை எல்லாம் அணைத்து வைத்தாள். என் வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி, "யாரு வந்தாலும் உள்ள விடாதீங்க நைனா. வாயத் தெறந்து பேசாதீங்க, சத்தம் உள்ள கேக்கும்" என்றாள்.

செல்போனில் மூன்று முகங்கள் தெரிந்தன. இல்லத்தை நடத்தும் வெள்ளைத் தலை அம்மா ஒருவர், ஒரு ஆண், நமக்கு மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். வள்ளி இடுப்பு வளையக் கும்பிட்டாள். ஜப்பான் பாஷை தண்ணீராக ஓடியது. பெருமையில் என் நெஞ்சு விம்மியது. (கை கால் வராதவளுக்கு நெஞ்சு விம்மலாம், தப்பில்லை.)

அந்த நேரம் பார்த்துத்தான் ராஜம்மா அண்ணி வந்து ஆட்டோவில் இறங்கியிருக்கிறார். சேதி கேட்டு எனக்குப் போன் போட்டிருக்கிறார், அணைத்திருக்கிறது. தம்பிக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்குப் போட்டிருக்கிறார், அதுவும் அணைத்திருக்கிறது. வாசலில் தம்பியைப் பார்த்து, "கன்னியம்மா எப்டிடா இருக்குறா?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனுஷன் மகள் சொல் தட்டாதவர். உதட்டில் விரலை வைத்து, கண்ணை மூடி, தலையை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டியிருக்கிறார்.

அவ்வளவுதான். அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அண்ணி கண்ணில் பட்டது என்ன? தெற்கே தலை, தலைமாட்டில் விளக்கு, பட்டு, பூ, குங்குமம், நீட்டிய கால்.

"அடி என் ராசாத்தீ! மலையேறி எறங்கின காலு மரக்கட்டையா நீட்டிகினு கெடக்குதே! என் தம்பிய ராசா மாதிரி வெச்சிருந்தியே! எங்க குடும்பத்தத் தூக்கி நிறுத்தினவளே!"

உடனே நான் கண்ணைத் திறந்திருக்கலாம். அசையக் கூடாது என்று வள்ளி சொல்லியிருந்தாள், அதனால் திறக்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை வேறு. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்திருக்கலாம் என்று படுத்திருந்தேன்.

"உன்ன மாதிரி ஒருத்தி இனிமே பொறப்பாளா! கொழம்புல உப்பு போடத்தான் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிட்டியே!"

வராத வலது காலை ஊன்றி, வராத வலது கையை நீட்டி எழுந்து உட்கார்ந்தேன்.

"இன்னா சொன்னீங்க அண்ணி? பொங்கலுக்கு வந்து மூணு வாட்டி ஊத்திகினீங்களே, அது உப்பில்லாத கொழம்பா?"

அண்ணி என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடி அப்படியே தரையில் சரிந்தார்.

செல்போனில் மூன்று முகமும் அசையவில்லை. பெண்ணின் ஒரு வருஷப் படிப்பை ஒரு கரண்டிக் குழம்பில் கரைத்துவிட்டேனே!

வள்ளி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணி பக்கத்தில் மண்டி போட்டாள். நாடி பிடித்துப் பார்த்தாள். அண்ணிக்கு நினைவு இருந்தது, உடம்புதான் நடுங்கியது.

"அத்தை, நான் வள்ளி. அம்மா உயிரோடதான் இருக்குறாங்க. எங்கனா அடிபட்டுச்சா? இல்லியா? சரி, மெதுவா மூச்சு விடுங்க. இப்போ உங்க முதுகுல கை வெக்கப் போறேங்க. பரவாயில்லீங்களா?"

"ஆங்" என்றார் அண்ணி. இருக்கிற எடைக்கு அவரை நாலு பேர் தூக்க வேண்டும். என் பெண் ஒருத்தியாக, முதுகைத் தாங்கி, முழங்காலை மடக்கி, எனக்காகப் போட்டிருந்த நாற்காலியில் பூ மாதிரி உட்கார வைத்தாள். அப்புறம்தான் செல்போன் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, நடந்தது எல்லாவற்றையும் ஜப்பான் பாஷையில் சொன்னாள். வெள்ளைத் தலை அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். குனிந்தார். மேசைக்குக் கீழே போனவர் ரொம்ப நேரம் மேலே வரவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "இரண்டு பேரில் யாரை முதலில் கவனிப்பாய்?"

"அத்தையை. அம்மாவுக்குச் சண்டை போடத் தெம்பு இருக்கிறது" என்றாளாம் வள்ளி.

பன்னிரண்டு நாள் நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தேன். (இட்லியைக் கணக்கில் சேர்க்கவில்லை.) பதின்மூன்றாம் நாள் வேலை உறுதி என்று தகவல் வந்தது. விமானத்தில் ஏற்றிவிட எல்லாரும் சென்னை போனோம். அழ வேண்டும் என்று கைக்குட்டை எல்லாம் கொண்டு போனேன், சந்தோஷத்தில் மறந்துவிட்டேன். இப்போது அவள் பனி பெய்கிற ஊரில் இருக்கிறாள், மூன்று கம்பளிச் சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறாளாம்.

அண்ணி மட்டும் விடுவதாக இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "எங்க வள்ளிய ஜப்பானுக்கு அனுப்புனதே என் ஒப்பாரிதான்" என்று பந்தியில் உட்கார்ந்து சொல்கிறார். நான் பகலில் கொஞ்சம் கண் அசந்தால் போதும், பேரப்பிள்ளைகள், "ராஜம்மா பாட்டிக்குப் போன் போடவா?" என்று கேட்கின்றன.

யாழினி, இங்க வா கண்ணு. இதை ஒருவாட்டி எனக்குப் படிச்சுக் காட்டு. அந்தக் குழம்பு வர்ற இடத்தை மட்டும் மெதுவாப் படி. உங்க ராஜம்மா பாட்டி உள்ளதான் சாப்பிட்டுகினு இருக்குறாங்க.