பூந்தமல்லி வரிசையில் நாற்பத்தொரு டிரைவர்கள்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

திருவேற்காட்டிலிருந்து க. யுவராணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மகள் தேவிப்பிரியாவும் நலம். என் வீட்டுக்காரர் கஜபதியும் நலம்தான், ஆனால் வீட்டில் இல்லை. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக, எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஐயா, இன்று செவ்வாய்க்கிழமை உங்கள் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் லாரித் தொழிலில் கடுமையான டிரைவர் பற்றாக்குறை என்று அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அதை எனக்கு வாசித்துக் காட்டியவரே என் வீட்டுக்காரர்தான். இருபத்து மூன்று வருடமாக லாரி ஓட்டுகிறவர். இப்போது ஓட்டவில்லை, பூந்தமல்லிக்கு வெளியே பைபாஸ் ஓரம் ஒரு கோடவுன் வாசலில் சரக்கு இறக்க வரிசையில் நிற்கிறார். போன வியாழக்கிழமை வந்து நின்றவருக்கு இன்று ஆறாவது நாள். பொழுது போகாமல் உங்கள் பத்திரிகையை டெண்டர் விளம்பரம், காணவில்லை அறிவிப்பு உட்பட ஒரு வரி விடாமல் படிக்கிறார், இப்படி ஒரு வாசகர் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்க மாட்டார். அவர் வாசித்து முடித்ததும், சாப்பாடு கொண்டுவந்திருந்த நான் அவர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து எண்ணினேன். நாற்பத்தொரு லாரி. ஒவ்வொன்றிலும் ஒரு டிரைவர். ஒருவர் துணி காயப்போடுகிறார், ஒருவர் பூண்டு உரிக்கிறார், ஒருவர் வீடியோ காலில் குழந்தையைத் தூங்க வைக்கிறார். இல்லை என்று நீங்கள் எழுதிய பொருள் இவ்வளவு நீளத்துக்கு நின்று நான் பார்த்ததில்லை.

ஐந்து கிலோமீட்டர்தானே, இறங்கி வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனால் என்ன என்று கேட்பீர்கள். முடியாது. வரிசை எப்போது நகரும் என்று அந்தக் கோடவுன்காரர்களுக்கே தெரியாது. நகரும்போது சீட்டில் ஆள் இல்லாவிட்டால் வண்டியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். முன்பெல்லாம் கூட ஒரு கிளீனர் இருப்பார், வண்டியைப் பார்த்துக்கொள்வார். இப்போது முதலாளி ஒற்றை ஆளாகத்தான் அனுப்புகிறார். குஜராத்தில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு ஆறே நாளில் பூந்தமல்லி வந்த மனிதருக்கு மிச்ச தூரத்தைக் கடக்க வழியில்லை. அவர் ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது எனக்குப் பழகிவிட்டது ஐயா. ஐந்து கிலோமீட்டரில் இருந்துகொண்டு வராமல் இருப்பது பழகவில்லை.

இதில் ஞாயிற்றுக்கிழமை தேவியைப் பெண் பார்க்க வேப்பம்பட்டிலிருந்து வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமையே அவர் வீட்டில் இருப்பார் என்று நம்பி நான் குறித்த நாள். பையன் லோகேஷ், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கூட வந்த தாய்மாமன் நாகப்பன், வந்ததும் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். "இன்னாம்மா, பொண்ணோட நைனாவ காணோம்? ஜாதகத்துல லாஜிஸ்டிக்ஸ்னு போட்ருந்தீங்க. ஆபீஸ்ல கீறாரா?" டிரைவர் என்று போட்டால் ஜாதகத்தைத் திருப்பிவிடுகிறார்கள் என்று நான்தான் அப்படிப் போட்டேன், தப்பு என்னுடையது. "பூந்தமல்லில கீறாருங்க, லைன்ல நிக்கிறாரு" என்றேன். "ரேஷன் லைனா?" என்றார். பிறகு உண்மையைச் சொன்னேன். தகப்பன் முகத்தைப் பார்க்காமல் தட்டைத் தொடமாட்டோம் என்று அவர் எழுந்துவிட்டார். அப்போது அந்தப் பையன், "அவ்ளோதான மாமா, நாம்பளே அங்க போய் பார்த்துக்கினு வருவோம்" என்றான். கேசரி, பஜ்ஜி, தேவி, பட்டுப்புடவை எல்லாவற்றையும் ஒரு ஷேர் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அங்கே இவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்து அவசரமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார், பாதி கன்னம்தான் முடிந்திருந்தது. லாரி நிழலில் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்தோம். தேவி குனிந்து நமஸ்காரம் செய்யும்போது வரிசை நகர்ந்தது. இவர் தாவி ஏறி வண்டியை முப்பது அடி முன்னால் எடுத்தார். நாங்கள் தார்ப்பாயை நாலு மூலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் விரித்தோம். பஜ்ஜி எடுத்துக் கொடுக்கும்போது மறுபடியும் நகர்ந்தது. உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க ஏறியிருந்த நாகப்பன் இந்தத் தடவை வண்டியோடு போய்விட்டார். "இன்னா ஒசரம்பா, ஊரே தெரியுது" என்றவர் அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை. பின் வண்டி சர்தார்ஜி எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். பையனும் பெண்ணும் தனியாகப் பேச லாரிக்கு மறுபுறம் போனபோது மற்ற டிரைவர்கள் எல்லோரும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கிளம்பும்போது நாகப்பன், "கல்யாணத்தன்னிக்காவது சம்பந்தி வண்டிய வுட்டு எறங்குவாரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, ஒன்றும் ஆகாத பின் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

தினமும் சாயங்காலம் நான் சாப்பாட்டுக் கேரியருடன் போகிறேன். இருபத்து மூன்று வருடத்தில் அவர் வண்டிக்குள் நான் ஏறி உட்கார்ந்தது இந்த ஆறு நாளில்தான். எனக்குத் தெரியாமல் அவருக்கு அங்கே ஒரு குடித்தனமே நடக்கிறது, மிளகாய்த்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. போன வருடம் மாடியில் ஒரு ரூம் கட்டினோம். அதில் இவர் இதுவரை பதினோரு ராத்திரிதான் படுத்திருக்கிறார். நேற்று சாப்பிட்டுக்கொண்டே, "அந்த ரூம்ல காத்து வருதா?" என்று கேட்டார். "காத்து வருது. நீதான்யா வர்ல" என்றேன். ரசம் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். எனக்கு அவர் வேண்டும் ஐயா, அவ்வளவுதான். இந்த வயதில் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேனே என்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் ஹெவி லைசென்ஸைப் பீரோவில் வைத்துவிட்டுக் கால் டாக்சி ஓட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "ராத்திரிக்கு ஊட்டுக்கு வர்லாம்ல அண்ணி" என்கிறார்கள். இருக்கிறவர்களை ஆறு நாள் வாசலில் நிறுத்திவிட்டு, போகிறவர்களை ஏன் போகிறாய் என்றும் கேட்காமல், ஆள் இல்லை என்றால் எப்படி? ஆகவே டிரைவர் பற்றாக்குறை இல்லை என்று அதே ஏழாம் பக்கத்தில் அதே அளவில் ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். என் பெயரையும் வண்டி எண்ணையும் தயவுசெய்து போட வேண்டாம். கோடவுனில் பார்த்துவிட்டால் கோபத்தில் இவர் வண்டியைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்.

எங்கள் ஊர் அம்மன் தங்களுக்கும், தாங்கள் வேலை முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருப்பவருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
க. யுவராணி

பின்குறிப்பு: இதை வண்டியில் உட்கார்ந்து எழுதி முடிப்பதற்குள் வரிசை மளமளவென்று நகர்ந்துவிட்டது. இவர் இப்போது மூன்றாவது. நாளைக் காலை பத்து மணிக்குக் கதவு திறந்தால் உள்ளே போய்விடுவார். முதலாளி போன் செய்து, "கஜா, நாக்பூருக்கு லோடு ரெடி, வேற ஆளே இல்லப்பா, எறக்கினதும் நேரா போய் ஏத்திக்கோ" என்றார். இவர் என் முகத்தைப் பார்க்காமல் சரி என்றார். ஐயா, திருத்தம் எதுவும் வேண்டாம், பற்றாக்குறை இருக்கிறது என்றே இருக்கட்டும். கடிதத்தைப் போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு இப்போதே அனுப்புகிறேன். நாளைக் காலைப் பத்திரிகையிலேயே என் பெயர், அவர் பெயர், வண்டி எண் எல்லாவற்றையும் பெரிதாகப் போடுங்கள். எண்ணைத் தனித்தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன், ஓர் எழுத்தும் பிசகாமல் பார்த்துக்கொள்ளவும். பிசகினால் வேறு எவளோ ஒருத்தியின் புருஷனைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அவளுக்கு வேண்டுமென்றால் அவளே எழுதிக்கொள்ளட்டும்.