இடப்பக்கம் சாயும் தலை

பயிற்சிக்குப் போய்வந்த மேலாளரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறீர்களா? தலையைப் பாருங்கள். நீங்கள் வாயைத் திறந்ததும் அது மெல்ல இடப்பக்கம் சாயும். கண்கள் அரைவாசி மூடும். உங்களைவிடப் பெரிய காரியம் உலகத்தில் இல்லை என்பதுபோலக் கை பேனையை மேசையில் வைக்கும். அவ்வளவுதான். இனி உங்கள் காரியம் நடக்காது.

நகரத்தின் ஓரத்திலிருக்கும் ரொம்மனிலிருந்து மெட்ரோ பிடித்துவந்து, முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் மெஷினில் பாத்திரம் கழுவும் ராசமலர் பதினாறு வருடங்களாக இந்த இனத்தைக் கவனித்து வருகிறாள். அதிகம் கதைக்காதவள், ஆகையால் பார்ப்பதற்கு நிறைய நேரம் உண்டு. மேலாளர்கள் வருடத்தில் இரண்டு நாள் மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்குப் போவார்கள். வரும்போது புதிதாக ஒன்றைக் கொண்டுவருவார்கள். ஒரு வருடம் குணத்தைப் பார்த்து ஆளுக்கொரு நிறம் கொடுத்தார்கள். ராசமலர் பச்சை, அதாவது எதிர்த்துக் கதைக்காதவள். இன்னொரு வருடம், குறை சொல்வதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு புகழ்ச்சி: தோடு வடிவாயிருக்கு, நேற்றுத் தட்டில் முட்டை காய்ந்திருந்தது, நீங்கள் சிரித்தால் அழகு. இந்த வருடம் காதுகொடுத்துக் கேட்பது.

அவளுடைய மேலாளர் சந்திரகுமாரும் ஒரு காலத்தில் இதே மெஷினில் பாத்திரம் கழுவியவர்தான். மேலாளரான புதிதில் வாய் பொல்லாதவர். ஏதாவது பழுதானால் அரைமணி நேரம் ஏசுவார். ஏசி முடிந்ததும் ஸ்குறூட்றைவரோடு வந்து தானே திருத்திவிட்டுப் போவார். இப்போது ஏசுவதில்லை. திருத்துவதும் இல்லை. மேலாளர் மெஷினில் கைவைக்கக் கூடாது என்று விதிமுறைப் பயிற்சியில் சொல்லிவிட்டார்களாம்.

அந்த மெஷினின் இரும்பு மூடி பாரமானது. அதைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிரிங் கோடை விடுமுறைக்கு முன்பே அறுந்துவிட்டது. ராசமலர் நிலம் துடைக்கும் மொப் தடி ஒன்றை முண்டுகொடுத்துத்தான் உள்ளே கைவிட்டுத் தட்டுகளை எடுக்கிறாள். ஒருநாள் தடி சறுக்கி, மூடி அவள் விரலுக்கு அருகே வந்து விழுந்தது. கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு சந்திரகுமாரின் அறைக்குப் போனாள்.

"தம்பி, அந்த மூடி இண்டைக்கும் விழுந்தது. மயிரிழையிலை கை தப்பினது."

தலை சாய்ந்தது. "அக்கா, நீங்கள் சொல்லுறதிலையிருந்து எனக்கு விளங்கிறது என்னெண்டால், உங்களுக்கு ஒரு பயம் இருக்கு."

"பயமில்லைத் தம்பி. ஸ்பிரிங் இல்லை."

"ஓம். ஸ்பிரிங் இல்லாதமாதிரி உணருறீங்கள். துணிஞ்சு வந்து சொன்னதுக்கு நன்றி."

ராசமலர் திரும்பிப்போய்த் தடியை மறுபடி முண்டுகொடுத்தாள்.

வேலையிடத்துக் குறைகளை எழுதிப் போடும் படிவத்தை இந்த நாட்டு மொழியில் அவ்வீக் என்பார்கள். ராசமலர் எழுத்துக்கூட்டி ஐந்து அவ்வீக் போட்டாள். ஐந்தின் கீழும் "ஊழியருடன் உரையாடல் நடைபெற்றது" என்று எழுதிச் சந்திரகுமார் முடித்துவைத்தார். சிவப்பாயிருந்த ஐந்து பெட்டிகளும் கணினியில் பச்சையாயின. அதிகம் பச்சை வைத்திருக்கும் பகுதி என்று அவருக்குக் கேக் வந்தது. கேக் தின்ற தட்டுகளையும் ராசமலர்தான் கழுவினாள், தடிக்குக் கீழே கைவிட்டு.

பக்கத்தில் மரக்கறி வெட்டும் மங்களேஸ்வரிக்கு இதெல்லாம் பம்பல், நல்ல பகிடி. "பாரன், உன்ரை கை போனாப் பிறகும் வந்து, கையில்லாதமாதிரி உணருறீங்கள் எண்டுதான் சொல்லுவார்," என்றாள்.

பிறகு சுகாதாரச் சோதனை வரப்போகிறது என்று கேள்வி. சந்திரகுமார் விதிப் பட்டியலோடு சமையலறையைச் சுற்றிவந்தார். தடியில் கண் நின்றது.

"நிலம் துடைக்கிற தடி பாத்திரத்துக்குக் கிட்ட நிக்கக்கூடாது அக்கா."

"தம்பி, அதை எடுக்காதேங்கோ."

தலை சாய்ந்தது. "அந்தத் தடியிலை உங்களுக்கு ஒரு பிடிப்பு இருக்கு, விளங்குது," என்றபடி ஒரு கையை மெஷினின் விளிம்பில் ஊன்றி, மறுகையால் தடியை இழுத்தார்.

மூடிக்குப் பயிற்சி எதுவும் இல்லை. விழுந்தது.

ராசமலர் ஐஸ் எடுக்க ஓடினாள். மங்களேஸ்வரி கரட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "சந்திரகுமார், உங்களுக்கு நோகிறமாதிரி உணருறீங்களோ?"

இரண்டு விரல் முறிவு. அடுத்த கிழமை, கட்டுப்போட்ட கையோடு அவரே ஒரு அவ்வீக் எழுதி, தனக்கு மேலேயிருக்கும் யூலியனின் அறைக்குப் போனார். தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போன ராசமலர் கண்ணாடிக் கதவுக்குள்ளே யூலியனின் தலை இடப்பக்கம் சாய்வதைக் கண்டாள். யூலியன் போனது இன்னும் விலைகூடிய ஹோட்டல். தலை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தது.

வெளியே வந்த சந்திரகுமாரின் முகம் கறுத்திருந்தது. "அக்கா, கை முறிஞ்சு போச்செண்டு சொல்லுறன். துணிஞ்சு சொன்னதுக்கு நன்றியாம். ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு கதையில்லை. நான் சொல்லுறதை அவன் கேக்கிறானே இல்லை."

"உங்களுக்குச் சரியான கவலையா இருக்குப்போலை," என்றாள் ராசமலர். அப்போதுதான் அந்தக் கண்ணாடிக் கதவில் தன்னைக் கண்டாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

இதை வாசித்துச் சிரிக்கும் உங்களையும் ஒன்று கேட்கவேண்டும். குசினிக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டில் யாரோ சொன்னபோது என்ன செய்தீர்கள்? "ஓம், விளங்குது," என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். எழும்பினீர்களா? கழுத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

மெஷினுக்கு இன்னும் ஸ்பிரிங் வரவில்லை. மொப் தடி விதிக்கு மாறானது என்பதால், சமையலறைக்கென்று அனுமதிக்கப்பட்ட நீலத் தடி ஒன்று வந்திருக்கிறது. மூடி இப்போது அதில் நிற்கிறது. கீழே ராசமலரின் கை.