சீதளானந்தர் முதுகில் பாவுக் கஞ்சி

இனிமேல் காஞ்சிபுரத்தில் யாருக்கும் வலி கிடையாது. முட்டிவலி, முதுகுவலி, தோள்வலி எல்லாம் ஊரைக் காலி செய்துகொண்டு கிளம்ப வேண்டியதுதான். பிள்ளையார்பாளையத்துக்குச் சீதளானந்த சுவாமிகள் வந்துவிட்டார்!

மூடிக்கிடந்த கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்தார். புலித்தோல் ஒன்றை விரித்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது புலிப்படம் போட்ட போர்வை. எதிரே ஒரு பித்தளை அண்டா. அதற்குள் மஞ்சளாய், வழவழவென்று 'சீதளச் சந்தனம்'. சுவாமிகள் அண்டாவில் ஒரு ஊது ஊதுவார். அவ்வளவுதான், மருந்து தயார். வாசல் பேனரிலேயே போட்டிருந்தார்கள்: 'சுவாமிகளின் மூச்சே மருந்து!'

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். வாலாஜாபாத்திலிருந்து ரயிலேறி வந்தார்கள். தடவிய இடம் சில்லென்றதும், "இமயமலைப் பனி இறங்குது!" என்று சுவாமிகள் முழங்குவார். சித்திரை வெயிலில் எது சில்லென்று இருந்தாலும் கும்பிடத்தான் தோன்றும். அதை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அதுவும் இது தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நாளெல்லாம் குனிந்து நெய்கிற ஊர். வலி இல்லாத வீடு ஏது?

சந்தனத்துக்கு விரதம் உண்டு. கை நிறைய அள்ளி அப்ப வேண்டும். மேலே பட்டுத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதன்மேல் சுடுதண்ணீர் ஒத்தடம். தோல் எரிந்தால் வினை கரைகிறதாம். கொப்புளம் வந்தால் பூர்வஜென்ம பாவம் வெளியே வருகிறதாம். முக்கியமாக, வேறு எந்த மாத்திரையையும் தொடக்கூடாது. தொட்டால் சந்தனம் கோபித்துக்கொள்ளும்!

நம் மக்கள் சும்மா இருப்பார்களா? பட்டில் கறை படலாமா என்று பதறினார்கள். பரம்பரை பரம்பரையாகப் பட்டு நெய்கிற ரத்தமாயிற்றே! சேலையை மடித்து வைக்கிற பிளாஸ்டிக் கவரை முதலில் சுற்றி, அதன்மேல் பட்டைக் கட்டினார்கள். தோள் வெந்தாலும் சரி, பட்டு கெடக்கூடாது. விஷயம் சுவாமிகள் காதுக்குப் போனது. "பலே! வினையை உள்ளே பூட்டி வெச்சாத்தான் கரையும்" என்று அதையும் விரதத்தில் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து தெருவில் யார் நடந்தாலும் சரசரவென்று சத்தம்.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் நெசவாளி உமாபதி. அவருக்கு நெஞ்சடைப்புக்காக ஸ்டென்ட் வைத்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை போட வேண்டும். தோள்வலிக்காகச் சுவாமிகளிடம் போனவர், அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்.

"ஏங்க, அது நெஞ்சுக்குப் போடுற மாத்திரைங்க! தோளுக்கும் அதுக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்று மனைவி கிருஷ்ணவேணி கெஞ்சினாள்.

"சந்தனம் கோச்சிக்கும் கிருஷ்ணா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

சந்தனத்தின் கோபத்துக்குப் பயந்தவர், அடைப்புக்குப் பயப்படவில்லை. கிருஷ்ணவேணி கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். தோள் முழுக்கச் சிவந்து, கொப்புளம் கொப்புளமாய் வெந்திருந்தது. பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்த சந்தனத்தை வழித்து எடுத்துக்கொண்டு, மருந்துக் கடை தப்ரேஸிடம் ஓடினாள்.

தப்ரேஸ் முகர்ந்து பார்த்தான். சிரித்துவிட்டான்.

"அக்கா, இது நம்ம கடை ஜெல்லுக்கா! வலிக்குத் தடவுறது. மஞ்சத்தூள் கலந்திருக்காங்க. சாமியோட சிஷ்யன் முனிசாமி பெட்டி பெட்டியா வாங்கினு போறான். ஊருக்கே சுளுக்கான்னு நானே யோசிச்சேன்."

"அப்போ நல்ல மருந்துதானா?"

"தடவுற மாரி தடவினா நல்லதுதான். மெலிசாத் தடவணும். புண்ணு மேல, கொப்புளத்து மேல படக்கூடாது. மேல பிளாஸ்டிக் சுத்தக்கூடாது, சூடு வெக்கக்கூடாது. கையைக் கழுவிடணும், கண்ணுல பட்டா அவ்ளோதான். வயித்துப்புண்ணு, கிட்னி, ஆஸ்துமா, மாசமா இருக்கிறவங்க, நம்ம அண்ணன் மாரி ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறவங்க எல்லாம் டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது." அவர் மாத்திரையையே நிறுத்திவிட்டதைக் கிருஷ்ணவேணி சொன்னதும் தப்ரேஸின் சிரிப்பு நின்றது. "அண்ணன் மாத்திரையை நிறுத்திட்டாரா? அக்கா, விளையாட்டு இல்ல இது. இன்னிக்கே டாக்டர்கிட்ட கூட்டினு போங்க."

எதையெல்லாம் செய்யாதே என்கிறார்களோ, அத்தனையையும் பொறுக்கியெடுத்து விரதமாக்கியிருக்கிறார் சுவாமிகள். என்ன ஒரு ஞானம்!

உமாபதி வரமாட்டேன் என்றார். சுவாமிகள் சொன்னால்தான் மாத்திரையாம். "சரி, அவர் வாயாலயே சொல்ல வெக்கிறேன்" என்றாள் கிருஷ்ணவேணி. தறியில் ஏற்றும் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடுவதற்குக் காய்ச்சி வைத்திருந்த அரிசிக் கஞ்சியை ஒரு குண்டானில் எடுத்துக்கொண்டாள். மறு கையில் புருஷனை இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள்.

"சாமி, உங்க மூச்சுதானே மருந்து? இந்தப் பாவுக் கஞ்சியில ஒரு ஊது ஊதுங்க. வலி போவுதான்னு பாப்போம்."

சுவாமிகள் முழித்தார். முடியாது என்றால் பேனரைக் கழற்ற வேண்டும். ஊதினார்.

முதலில் முழங்காலை நீட்டியவள் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள். கஞ்சி பட்டதும் கண்ணை மூடினாள். "அம்மாடி! சில்லுனு இருக்குதும்மா! வலி போன எடமே தெரியல!"

"போன வாட்டியவிட இது செம பவர்பா!" என்றார் ஒரு வாலாஜாபாத்துக்காரர்.

கிருஷ்ணவேணி தலையில் கைவைத்துக்கொண்டாள். நூலுக்குப் போடுகிற கஞ்சி, காலுக்குப் போட்டாலும் குணமாக்குகிறது! சோதனை செய்ய வந்தவளையே ஜனங்கள் ஏளனமாகப் பார்த்தார்கள். "பாத்தியா?" என்றார் உமாபதி.

வெற்றிக் களிப்பில் இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வதிக்கச் சுவாமிகள் சட்டென்று எழுந்தார்.

நாளெல்லாம் சம்மணம் போட்ட முதுகு. 'மளுக்'.

"ஐயோ அம்மா!" பாதி எழுந்த நிலையில் சுவாமிகள் அப்படியே நின்றுவிட்டார். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

பக்தர்கள் விடுவார்களா? ஆளுக்கொரு கை கஞ்சி அள்ளி அவர் முதுகில் அப்பினார்கள். தில்லையம்மாள் பிளாஸ்டிக் கவரை உதறி விரித்தாள். ஒருவர் சுடுதண்ணீர்ப் பையோடு ஓடிவந்தார். ஒருவர் பட்டுத் துணியை முறுக்கினார்.

"டேய் முனிசாமி!" சுவாமிகள் அலறினார். "இந்தக் கஞ்சியைத் தொடைடா! உள்ள டியூபு இருக்கும் பாரு, அதை எடுத்தாடா! மெலிசாத் தடவு! ஏய், பிளாஸ்டிக்கைச் சுத்தாதே, வெந்துடும்! சூடு வெக்காதய்யா, தோலு உரிஞ்சிடும்! டேய், கையைக் கழுவிட்டு அப்புறம் என் மூஞ்சியைத் தொடுடா!"

சுடுதண்ணீர்ப் பையோடு வந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

பதற்றத்தில் முனிசாமிக்குச் சுவாமிகள் என்பதே மறந்துவிட்டது. "மச்சான், உன் பிரஷர் மாத்திரை இன்னும் போடலியே, எடுத்தாரட்டா?"

"எடுத்தாடா, நேரமாவுது! ஒரு நாள் விட்டாக்கூட ஆபத்துன்னு டாக்டர் சொல்லிக்கிறார்ல!"

உமாபதி அண்டாவைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். குனிந்து நிற்கிறவர் முன்னால் போய் நின்றார்.

"சாமி, உனக்குப் பிளாஸ்டிக் வாணாம், எனக்கு வேணுமா? உனக்கு மாத்திரை வேணும், எனக்கு வாணாமா? எனக்கு நெஞ்சு நின்னு போயிருந்தா, அதுலயும் ஊதுவியா?"

சுவாமிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

"கிருஷ்ணா, டாக்டர்கிட்ட போலாம் வா" என்று உமாபதி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனாள்.

சுவாமிகள் குனிந்தபடியே ஷேர் ஆட்டோ ஏறினார். கிருஷ்ணவேணியின் கஞ்சிக் குண்டானை மட்டும் காணவில்லை. மிச்சமிருந்த மகிமைக்காக யாரோ தூக்கிப் போய்விட்டார்கள். ஊர் அவ்வளவு சீக்கிரம் திருந்திவிடுமா என்ன?

அந்தக் குண்டானை எடுத்தவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த சாமி கட்டாயம் வருவார், அண்டாவும் வரும். உங்கள் தோளைக் காட்டுவதற்கு முன்னால், அவர் முதுகில் தடவிக் காட்டச் சொல்லுங்கள்.